கணிப்பொறிக்கும் ஏடு வேண்டும்

(ஆண்டு விழாவில் நம் சங்கத்து நூலகக் கணிப்பொறிக் குழுவினர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

இன்னிசையும் நாடகமும் நிகழ்ந்த இம்மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறார்கள். பாட்டுக் கேட்ட செவிகளுக்கு இது வறண்ட பொருளாகத் தோன்றக்கூடும். ஆயினும், நம் நூலகத்தின் 4,000 நூல்களுள் எது எந்த அலமாரியில் உள்ளது, எது எவர் இல்லத்தில் உள்ளது என்று காட்டும் பட்டியல், சென்ற 2025ஆம் ஆண்டில் நம் கையை விட்டுப் போகும் நிலையில் இருந்தது. அது எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு மீண்டது, இனி நேராதிருக்க நாம் செய்யத்தக்கது யாது என்பனவே இன்று நாங்கள் சொல்ல வந்தவை.

கட்கியின் படைக்கலத் தொழிற்சாலையிலும் இரயில்வேயிலும் பணியேற்று இப்புனே நகருக்கு வந்தவர்கள் நம் முன்னோர். ஹிஞ்சவாடியின் மென்பொருள் நிறுவனங்களுக்கு வந்தவர்கள் நம் இளைஞர். வருவோரும் போவோருமாக இருப்பது புலம்பெயர்ந்தோர் சங்கத்தின் இயற்கை. இன்று தோள் கொடுப்பவர் நாளை மாற்றலாகிச் செல்வார். புதியவர் ஒருவர் வந்து அவ்விடத்தில் நிற்பார். நம் கணக்கேடுகள் இதை அறிந்து எழுதப்பட்டவை. பொருளாளர் எத்தனை பேர் மாறினாலும் எந்த ரூபாய் எதற்காகச் செலவாயிற்று என்பதை ஏடு சொல்லும். நம் கணிப்பொறிகளுக்கு மட்டும் அத்தகைய ஏடு இல்லாதிருந்தது. குறை அங்கேதான் இருந்தது.

நம் நூலகக் கணிப்பொறிகள் லினக்ஸில் இயங்குவன. அதன் வரலாற்றைச் சில சொற்களில் கூறுவோம். மென்பொருளின் மூலநிரலைப் படிக்கவும், மாற்றவும், பிறர்க்கு வழங்கவும் எவர்க்கும் உரிமை வேண்டும் என்று கருதிய அமெரிக்கர் ரிச்சர்டு ஸ்டால்மன், 1983இல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்டில் தாம் எழுதிவந்த இயங்குதள உட்கருவைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தார். இவ்விரண்டும் பிற பல நிரல்களும் கூடி அமைந்ததே நாம் லினக்ஸ் என வழங்குவது. அவற்றையெல்லாம் ஒழுங்காகத் தொகுத்து, பொதி பொதியாகக் கட்டி வழங்கும் கூட்டு முயற்சிகள் பல. 1993இல் தோன்றிய டெபியன் அவற்றுள் ஒன்று. நாம் பயன்படுத்துவதும் அதுவே.

உரிமக் கட்டணம் இல்லை, நன்கொடையாக வந்த பழைய பொறியிலும் ஓடும், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். இவற்றைக் கருதியே நம் சங்கம் லினக்ஸை ஏற்றது. ஆனால் மாற்றும் உரிமையோடு, மாற்றியதைப் பேணும் கடமையும் சேர்ந்து வருகிறது. இந்தக் கடமையை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

நம் கணிப்பொறிகள் நான்கையும் முதலில் அமைத்துத் தந்தவர் நம் இளைஞர் ஒருவர். ஞாயிறுதோறும் வந்து உழைத்தார். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பெற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பொருத்தினார். எழுத்துருக்களை எந்த வரிசையில் தேடுதல் வேண்டும் என்று வகுத்தார். அச்சுப்பொறியைத் தமிழுக்கு ஏற்பத் திருத்தினார். பட்டியலின் படி ஒன்று இரவுதோறும் வேறொரு வட்டில் பதியுமாறு செய்தார். அனைத்தையும் அவ்வப்போது கட்டளையிட்டே செய்தார். எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்குமாறு நாமும் கேட்கவில்லை. 2022இல் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. மாலை அணிவித்து மகிழ்ச்சியோடு வழியனுப்பினோம். அறையின் சாவியை மறவாமல் வாங்கிக்கொண்டோம். அமைப்பின் சாவியைக் கேட்க மறந்தோம்.

2025 ஆகஸ்டில், மழை கொட்டிய ஒரு நாள் மின்சாரம் போய்ப் போய் வந்தது. மறுநாள் தலைமைக் கணிப்பொறியின் வட்டு எழவில்லை. பட்டியலின் படி வேறு வட்டில் இருந்தமையால் முதலில் நாங்கள் கலங்கவில்லை. உறுப்பினர் ஒருவர் தந்த புதிய பொறியில், அவ்வாகஸ்டிலேயே வெளிவந்திருந்த டெபியன் 13ஆம் பதிப்பை நிறுவினோம். அரைநாளில் முடியும் என்று எண்ணியது நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது.

விசைப்பலகை வந்தது, ஆனால் இருவகை எழுத்துரு கலந்து திரை அலங்கோலமாயிற்று. அச்சில் கொம்பு எழுத்துக்கு முன் நில்லாமல் பின்னே போய் நின்றது. வெளிநாட்டில் இருந்த அவ்விளைஞரைத் தொலைபேசியில் அழைத்தோம். நள்ளிரவென்றும் பாராமல் பேசினார். "அண்ணா, அந்த அச்சுப்பொறிக்கு ஏதோ ஒன்று செய்தேன். என்ன செய்தேன் என்று எனக்கே இப்போது நினைவில்லை" என்றார். அவர் மீது குற்றமில்லை. மூன்றாண்டுக்கு முன் இட்ட கட்டளையை எவர் நினைவில் வைத்திருப்பார்?

இவற்றினும் பெரிய இடர் பட்டியலிலேயே இருந்தது. நம் நூற்பட்டியலின் முற்பாதி 2001இல் தட்டச்சிடப்பெற்றது. ஒருங்குறி பரவாத அக்காலத்தில் அது திஸ்கி என்னும் குறியேற்றத்தில் அமைந்தது. குறியேற்றத்தை மட்டும் மாற்றுவதாயின், 'ஐகான்வ்' என்னும் கருவி லினக்ஸிலேயே உண்டு. ஆனால் பட்டியலை ஆக்கிய பெரியவர், நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, அலமாரி ஆகியவற்றைத் தாமே வகுத்த சுருக்கக் குறிகளால் பிரித்திருந்தார். அக்குறிகளை அறிந்தது அவர் 'சி' மொழியில் எழுதிய ஒரு சிறு நிரல் மட்டுமே. அதன் மூலநிரல் நம்மிடம் இருந்தது. புதிய பொறியில் அதைக் கட்டி எழுப்ப இயலவில்லை. ஏடு கையில் இருந்தது. அதைப் படிக்கும் கண் இல்லை.

நிரலைக் கட்டுதல் என்பது யாது? மனிதர் படிக்குமாறு எழுதிய மூலநிரலைத் தொகுப்பி என்னும் கருவி பொறிமொழிக்கு மாற்றுகிறது. எந்தக் கோப்பை முன்னும் எதைப் பின்னும் மாற்றுவது என்பதைக் குறிப்பேடு ஒன்று சொல்கிறது. அக்குறிப்பேட்டைப் படித்து வேலை செய்யும் 'மேக்' என்னும் கருவியை 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்டுமன் ஆக்கினார். ஐம்பதாண்டு ஆகியும் அது உழைக்கிறது. ஆனால் கட்டடத்துக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும்போல, நிரலுக்குப் பிற நூலகங்களும் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். டெபியன், நிரலை ஓட்டுவதற்குரிய பொதியையும் கட்டுவதற்குரிய பொதியையும் தனித்தனியே வைத்திருக்கிறது. ஓட்டும் பொதி இருந்தும் கட்டும் பொதி இன்றி வேலை நிற்பதே தொடக்கத்தில் எவர்க்கும் நேரும் தடை. நாங்களும் முதலில் அதில் இடறினோம். உரிய பொதியை நிறுவித் தாண்டினோம்.

இரண்டாம் தடையே உண்மையான தடை. திரை நிறையப் பிழைச்செய்திகள் வந்து விழுந்தன. கடைசி வரியைப் படித்துவிட்டு அதன் பின்னே ஓடினோம். ஒரு ஞாயிறு வீணாயிற்று. கடைசியில் வருவது பெரும்பாலும் விளைவு. காரணம் முதலில் வந்த பிழையில் இருக்கும். மேலே சென்று முதற் பிழையைப் படித்தபோது பொருள் விளங்கிற்று. 'அறிவிக்கப்படாத செயற்கூறு ஒன்றை இந்நிரல் அழைக்கிறது' என்று அது கூறியது.

இதில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. சி மொழியின் பழைய வழக்கில், ஒரு செயற்கூறு எத்தகையது என்று முன்கூட்டி அறிவியாமலே அதை அழைக்கலாம். அது ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று தொகுப்பி தானாகவே கொள்ளும். 1999இல் வந்த தரநிலை இவ்வழக்கத்தை நீக்கியது. எனினும் ஜி.சி.சி. என்னும் தொகுப்பி பழைய நிரல்களுக்கு இரங்கி நெடுங்காலம் பொறுத்தது. 2015இல் வந்த 5ஆம் பதிப்பு முதல் கேளாமலே எச்சரித்தது. 2024இல் வந்த 14ஆம் பதிப்பு இதைப் பிழையென்றே தள்ளிவிட்டது. டெபியன் 13 கொண்டிருப்பது அந்த 14ஆம் பதிப்பு. நம் பெரியவரின் நிரலைப் போன்ற எத்தனையோ பழைய நிரல்கள் அதனால் உலகெங்கும் கட்டப்படாமல் நின்றன; தொண்டர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி எளிய வழி ஒன்று சொன்னார். இப்பிழையை வெறும் எச்சரிக்கையாகக் கொள்ளுமாறு தொகுப்பிக்கு ஒரு விருப்பக் குறி இட்டால் போதும் என்றார். களைத்திருந்த நாங்கள் அவ்வாறே செய்தோம். நிரல் கட்டப்பட்டது! கைதட்டிக் கொண்டோம். பட்டியலைக் கொடுத்து ஓட்டினோம். முதல் நூலின் பெயரைக்கூடக் காட்டாமல் விழுந்து போயிற்று.

ஏன் விழுந்தது? அந்தச் செயற்கூறு ஒரு வரியைத் துண்டாக்கி, அத்துண்டு நினைவகத்தில் இருக்கும் முகவரியைத் தருவது. நம் பழைய பொறி 32 பிட் அமைப்பில் ஓடியது. அதில் முகவரிக்கும் 4 பைட்டு, முழு எண்ணுக்கும் 4 பைட்டு. எனவே தவறு இருந்தும் தெரியவில்லை. புதிய பொறி 64 பிட். அதில் முகவரிக்கு 8 பைட்டு, முழு எண்ணுக்கோ 4 பைட்டே. அறிவிப்பு இல்லாமையால் முகவரியின் பாதி வெட்டுண்டு போயிற்று. பாதி முகவரி எழுதிய கடிதம் எந்த வீட்டைச் சேரும்? தொகுப்பி தடுத்தது நம்மைத் துன்புறுத்துவதற்கன்று, காப்பதற்கே. நாமோ எச்சரித்தவன் வாயைப் பொத்திவிட்டு வேலை முடிந்ததென்று மகிழ்ந்தோம்.

உரிய திருத்தம் ஒரே வரிதான். அந்தச் செயற்கூற்றை அறிவிக்கும் தலைப்புக் கோப்பை நிரலின் முகப்பில் சேர்த்தோம். நிரல் பிழையின்றிக் கட்டப்பட்டது. 2001இன் பட்டியல் முழுவதும் நல்ல தமிழில் திரையில் ஓடியபோது எங்களுள் மூத்தவர் கண் கலங்கியதை நாங்கள் கண்டோம். அப்பட்டியலில் இன்று நம்மிடையே இல்லாத பலரின் நன்கொடை நூல்கள் அவர்தம் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கின்றன.

இத்தோடு நின்றிருந்தால் பழைய தவற்றையே மீண்டும் செய்தவர்களாவோம். திருத்தியதை எழுதி வைத்தல் வேண்டும் அல்லவா? இதற்கென லினக்ஸ் உலகில் நல்ல மரபு ஒன்று உண்டு. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், பல படிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்து வைத்தமையை நாம் அறிவோம். பழைய நிரலையும் திருத்திய நிரலையும் ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் குறித்துத் தரும் 'டிஃப்' என்னும் கருவி செய்வதும் அத்தகைய பணியே. அக்குறிப்பைக் கொண்டு பழைய நிரலைத் தானாகவே திருத்தும் 'பேட்ச்' என்னும் கருவியை லாரி வால் என்பவர் 1985இல் வெளியிட்டார். திருத்தக் குறிப்பின் தலையில் அது எதற்கு, எழுதியவர் யார், மூல ஆசிரியர்க்கு அனுப்பப்பட்டதா, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று எழுதும் வழக்கத்தை டெபியன் வகுத்திருக்கிறது. நாங்களும் அவ்வாறே எழுதினோம்.

மூல ஆசிரியர்க்கு அனுப்புதல் என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். திருத்தத்தை நம்மிடமே வைத்துக்கொண்டால், புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மீண்டும் அதை ஒட்டவேண்டும். ஒருநாள் ஒட்டாமல் போகும். மூலத்திலேயே சேர்ந்துவிட்டால் அச்சுமை எவர் தலையிலும் இல்லை. நம் நிரலை எழுதிய பெரியவர் ஓய்வு பெற்று இப்போது கோவையில் வாழ்கிறார். திருத்தத்தை அவருக்கு அனுப்பினோம். மறுநாளே விடை வந்தது. "தம்பிகளா, அந்த வரியை அன்றே நான் எழுதியிருக்க வேண்டும். அன்று ஓடிற்று, ஓடியதே போதும் என்று இருந்துவிட்டேன். சுருக்கக் குறிகளின் பொருளையும் எழுதி அனுப்புகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார். ஒரு வரியை அனுப்பினோம். இருபத்துநான்கு ஆண்டாக ஒருவர் நெஞ்சில் மட்டும் இருந்த குறிப்பு முழுவதும் நமக்குத் திரும்ப வந்தது!

கணிப்பொறியின் அமைப்பையும் இவ்வாறே எழுதத் தொடங்கினோம். மூன்று நெறிகளை மேற்கொண்டோம். முதலாவது, டெபியன் தந்த அமைவுக் கோப்பின் மீது கை வையாமல், இயன்றவரை நம் மாற்றத்தைத் தனிக் கோப்பில் எழுதுதல். தந்த கோப்பையே திருத்தினால், புதிய பதிப்பு வரும்போது 'உங்களுடையதை வைக்கவா, புதியதை ஏற்கவா' என்று பொறி கேட்கும். காரணம் மறந்த நிலையில் எதைச் சொன்னாலும் இடர்தான். இரண்டாவது, அக்கோப்புகளையும் நிறுவிய பொதிகளின் பட்டியலையும் 'கிட்' என்னும் பதிவுக் கருவியில் வைத்தல். டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய இக்கருவி, யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை விடாமல் காக்கும். மூன்றாவது, ஏன் மாற்றினோம் என்பதைத் தமிழில் ஒரு வரியாவது எழுதுதல். 'அச்சில் கொம்பு இடம் மாறியது. எழுத்துருவை மாற்றியபின் சரியாயிற்று' என்ற ஒரு வரி, நான்கு ஞாயிறுகளில் ஒன்றை மிச்சப்படுத்தும்.

இவ்வெண்ணத்தை முற்ற முடியக் கொண்டுசென்றவர்களும் உண்டு. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் அளித்த ஆய்வேட்டில் விளக்கிய 'நிக்ஸ்' முறையில், பொதியொன்று எவ்வெவற்றைக் கொண்டு கட்டப்பட்டதோ அவற்றிலிருந்து கணக்கிட்ட 32 எழுத்துக் குறி ஒன்று அதன் இருப்பிடப் பெயரிலேயே அமைகிறது. அதன் வழிவந்த இயங்குதளத்தில் கணிப்பொறியின் அமைப்பு முழுவதும் எழுத்தில் இருக்கும். எழுதியதை மாற்றினால் பொறி மாறும். பிடிக்காவிடின் முந்தைய அமைப்புக்கே திரும்பலாம். நாங்கள் அவ்வளவு தொலைவு செல்லவில்லை. ஆயினும் எழுத்தே முதல், பொறி அதன் படி என்னும் கொள்கையை ஏற்றுக்கொண்டோம்.

எழுதியது போதுமா என்பதை எவ்வாறு அறிவது? எழுதியவரே படித்துப் பார்த்தால் தெரியாது. விடுபட்டதை அவர் மனம் நிரப்பிவிடும். ஆகவே டிசம்பரில் ஒரு ஞாயிறன்று, கணக்கராகப் பணியாற்றும் நம் சகோதரி ஒருவரிடம் வெறும் பொறியொன்றையும் எங்கள் குறிப்பேட்டையும் கொடுத்து, நாங்கள் வாய் திறவாமல் அமர்ந்திருந்தோம். இரண்டு இடங்களில் அவர் நின்றுவிட்டார். இரண்டும் நாங்கள் எழுத மறந்த இடங்கள்! அவற்றை எழுதிச் சேர்த்தோம். மாலைத் தேநீருக்குள் பட்டியல் திரையில் வந்தது. நான்கு ஞாயிறுகள் ஒரு பிற்பகலாகக் குறைந்தன.

இறுதியாக ஒன்று. இது நம் சிறு நூலகத்தின் கதை மட்டுமன்று. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்.இசட்.' என்னும் சிறு கருவி லினக்ஸ் உலகெங்கும் பயன்படுவது. அதை ஊதியமின்றிப் பல்லாண்டு பேணியவர் பெரும்பாலும் தனியொருவர். அவர் சோர்ந்திருந்த காலத்தில் உதவ வந்தவர் போல் ஒருவர் நுழைந்து, பொறுமையோடு நம்பிக்கை பெற்று, 2024இல் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வாயில் ஒன்றைப் பொருத்தினார். எவரும் காணத்தக்க பொதுப் பதிவேட்டில் இல்லாத ஒரு கட்டுக் குறிப்பை, வெளியீட்டுக் கட்டில் மட்டும் சேர்த்து அதைச் செய்தார். தொலைவிலிருந்து நுழைய ஏறக்குறைய அரை நொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்டிரஸ் ஃபிரெயுண்டு என்னும் பொறியாளர் ஆராய்ந்து, 2024 மார்ச் 29இல் உலகுக்கு அறிவித்தார். பெருங்கேடு தவிர்ந்தது. பொதுவான ஏடும் கையில் உள்ள படியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் கண்கள் வேண்டும் என்பது அதன் ஒரு பாடம். பொதுப்பணியை ஒருவர் தோளிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நிழலில் அமர்ந்திருத்தல் தகாது என்பது மற்றொரு பாடம். இரண்டாம் பாடம் நம் சங்கத்துக்கு உரியது அன்றோ?

அன்பர்களே! நாங்கள் ஐவர் இருக்கிறோம். எங்களுள் எவரும் நாளை மாற்றலாகிச் செல்லக்கூடும். ஆகவே இவ்விழாவில் உங்களிடம் நாங்கள் கேட்பது பொருளன்று, ஆள். இருவர் முன்வந்தால் போதும். பொறியியல் பயின்றிருக்க வேண்டியதில்லை. முதற் பிழையைப் பொறுமையோடு படிப்பவராகவும், செய்ததை ஒரு வரி எழுதுபவராகவும் இருத்தல் போதும். குறிப்பேட்டின் அச்சுப்படி, சங்கத்தின் கணக்கேடுகளோடு அதே அலமாரியில் வைக்கப்பட்டிருக்கிறது. விழா முடிந்ததும் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். புரியாத இடம் இருப்பின் எங்களிடம் சொல்லுங்கள். அதுவே நீங்கள் செய்யும் முதல் தொண்டாகும்.